சர்ஜன்களின் தூக்கமும் மனசும்: கோவிட் காலத்திலிருந்து என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் மும்பையில் மனநல மருத்துவராக இருக்கிறேன். வீடு மாட்டுங்காவில். 2020 ஏப்ரலில் தெரிந்த சர்ஜன் ஒருவரின் மனைவி, "தமிழில் மனசுவிட்டுப் பேச ஓர் ஆள் வேண்டும்" என்று போன் செய்தார். என் எண்ணை அவர் இன்னொருவருக்குக் கொடுக்க, அவர் மற்றொருவருக்குக் கொடுக்க, சயான், செம்பூர், முலுண்ட் பக்கத்துத் தமிழ் மருத்துவர்கள், அவர்கள் வீட்டார், திருநெல்வேலியிலிருந்து அவர்களின் அம்மாக்கள் என்று எல்லோரும் கூப்பிட ஆரம்பித்தார்கள். ஆள் வேறு, சந்தேகம் ஒன்றுதான். இன்னும் அதே கேள்விகள் வருவதால் இங்கே தொகுத்திருக்கிறேன். கேள்விகளை அவரவர் கேட்டபடியே விட்டுவிட்டேன். ஆளைக் காட்டிக்கொடுக்கும் விவரங்களை எடுத்துவிட்டேன்.

ஆபரேஷன் எல்லாத்தையும்தான் தள்ளி வச்சுட்டாங்களே மேடம், அப்புறம் சர்ஜனுக்கு மட்டும் ஏன் தூக்கம் வரலை?

தள்ளி வைத்தது நாள் குறித்துச் செய்யும் ஆபரேஷன்களை. ஹெர்னியா, பித்தப்பைக் கல், மூட்டு மாற்று மாதிரி. நெருக்கடி உச்சத்தில் இருக்கும் 12 வாரங்களில் உலகம் முழுக்க சுமார் 2.84 கோடி ஆபரேஷன்கள் ரத்தாகவோ தள்ளிப்போகவோ செய்யும் என்று 2020இல் ஒரு சர்வதேச ஆய்வு கணக்கிட்டது. ஆனால் குடல் ஓட்டையானவரும் விபத்தில் அடிபட்டவரும் வந்துகொண்டேதான் இருந்தார்கள். அவர்களுக்குக் கோவிட் இருக்கிறதா என்று தெரிவதற்கு முன்பே பல சமயம் கத்தியை எடுக்க வேண்டியிருந்தது.

மீதி நேரத்துக்குச் சர்ஜன்களைக் கோவிட் வார்டில் போட்டார்கள். இருபது வருடம் வயிற்றைத் திறந்து பழகியவர் திடீரென்று ஆக்சிஜன் அளவையும் வென்டிலேட்டரையும் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். கைவந்த வேலைக்கு வழியில்லை. கைவராத வேலையில் நோயாளிகள் கண்ணெதிரே போகிறார்கள். அது போக, மும்பையில் லோக்கல் ரயில் மார்ச் 22 நள்ளிரவோடு நின்றது. ஜூன் 15 அன்றுதான் அத்தியாவசியப் பணியாளர்களுக்கு மட்டும் திரும்ப ஓடியது. கல்யாண், விரார் பக்கம் வீடு இருந்தவர்கள் பஸ்ஸில் மணிக்கணக்காகப் போய் வந்தார்கள், இல்லையென்றால் வீட்டையே மறந்து ஹோட்டல் அறையில் தங்கினார்கள். பலருடைய தூக்கத்தில் முதலில் கை வைத்தது அந்தப் பயணம்தான்.

பி.பி.இ. கிட் போட்டுக்கிட்டு ஆபரேஷன் பண்றது அவ்வளவு கஷ்டமா? எல்லாரும்தானே போட்டாங்க?

ஒரு சர்ஜன் வீடியோ காலில் என்னிடம் கையைக் காட்டினார். துணி துவைத்து முடித்த கை மாதிரி விரல் நுனியெல்லாம் வெளுத்துச் சுருங்கியிருந்தது. இரட்டைக் கையுறைக்குள் நான்கு மணி நேரம் வியர்வையில் ஊறியது. மூக்குத்தண்டில் தோல் கிழிந்து பிளாஸ்திரி போட்டிருந்தார். கண்ணாடி ஆவி படிந்து மங்கும், துடைக்க முடியாது. நடுவில் பாத்ரூம் போக முடியாது என்பதால் காலையிலிருந்தே தண்ணீரைத் தவிர்ப்பார்கள். கிருமி பரவக்கூடாதென்று ஏ.சி.யை நிறுத்திய ஆபரேஷன் தியேட்டர்களும் (ஓ.டி.) உண்டு. மாஸ்க்குக்குள்ளிருந்து பேசினால் சிஸ்டருக்குக் கேட்காது, கத்த வேண்டும். யார் யாரென்று தெரியாமல் முதுகில் மார்க்கரால் பெயர் எழுதிக்கொண்டார்கள்.

தூக்கத்தைக் கெடுத்தது கடைசிப் பகுதி, அதாவது கழற்றுவது. உடையைக் கழற்றும்போதுதான் தொற்றும் வாய்ப்பு அதிகம். அதுவும் ஆள் சோர்ந்து நிற்கிற நேரத்தில்தான் அது வரும். அப்புறம் படுக்கையில் படுத்து, "கண்ணாடியைக் கழற்றும்போது கன்னத்தில் கை பட்டதா?" என்று ஒவ்வொரு படியாகத் திரும்ப ஓட்டிப் பார்ப்பார்கள். வீட்டில் வயதான அப்பா இருந்தால் இரவு முழுக்க இதுதான்.

நான் ரெசிடென்ட்டா (மேற்படிப்புப் பயிற்சி டாக்டரா) இருந்தப்பவே 5 மணி நேரம்தான் தூங்குவேன். உடம்பு பழகிடுச்சு. அதுல என்ன தப்பு?

இதற்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன். கீழே வரும் பல பதில்களுக்கு இதுதான் அடிப்படை.

2003இல் வெளியான ஒரு பரிசோதனையில் ஒரு குழுவினரை 14 நாள் தொடர்ந்து தினமும் 6 மணி நேரம் மட்டும் தூங்க விட்டார்கள். அவர்களின் கவனம் நாளுக்கு நாள் சரிந்து, கடைசியில் ஒன்றிரண்டு இரவுகள் பொட்டுத் தூக்கமில்லாமல் இருந்தவர்களின் நிலைக்கு வந்துவிட்டது. ஆனால் "தூக்கக் கலக்கம் எப்படி இருக்கிறது?" என்று அவர்களையே கேட்டபோது, சில நாட்களுக்குப் பிறகு பெரிதாக எதுவும் கூடவில்லை என்றார்கள். சரிவு நிற்கவில்லை, சரிவது தெரிவதுதான் நின்றுபோனது. "பழகிடுச்சு" என்று நீங்கள் சொல்வது இதைத்தான். இன்னொரு கணக்கும் சொல்கிறேன். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கையும் கண்ணும் வேலை செய்யும் விதம், ரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் இருப்பவருக்கு நிகர் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நம் நாட்டில் வண்டி ஓட்டவே 0.03தான் வரம்பு.

களைப்பைக் களைத்தவரே அளக்க முடியாது. இதை நான் எத்தனை பேரிடம் எத்தனை முறை சொல்லியிருப்பேன் என்று கணக்கில்லை. நோயாளியின் ரத்த அழுத்தத்தை முகத்தைப் பார்த்தா முடிவு செய்கிறீர்கள்? அதேபோல இதற்கும் எண் வேண்டும். கடந்த 24 மணி நேரத்தில் எவ்வளவு தூங்கினேன், 48 மணி நேரத்தில் எவ்வளவு என்று போனில் குறித்து வையுங்கள். முதலாவது 5க்கும் இரண்டாவது 12க்கும் கீழே போனால் உங்கள் மூளை சொல்வதை நம்பாதீர்கள். வளர்ந்தவர்களுக்குத் தேவை 7 மணி நேரமாவது. எண் குறிக்க மனம் வராவிட்டால் வீட்டம்மாவையோ ஓ.டி. சிஸ்டரையோ கேளுங்கள், அவர்களுக்குத் தெரியும்.

நைட் டியூட்டி முடிச்சு வந்தா கண்ணு எரியுது, ஆனா படுத்தா தூக்கம் வரமாட்டேங்குது. என்ன பண்ண?

காலை வெயில் கண்ணில் பட்டதும் தூக்கத்தை வரவைக்கும் ஹார்மோனான மெலடோனினை மூளை சுரப்பதை நிறுத்திவிடும். வீட்டுக்கு வரும் வழியிலேயே கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். படுக்கையறை ஜன்னலில் கனமான போர்வையைக் கட்டினாலும் போதும். மும்பையில் ஏதாவது ஒரு பக்கம் டிரில் மெஷின் ஓடிக்கொண்டேதான் இருக்கும், அதனால் காதுக்குப் பஞ்சும் ஃபேன் சத்தமும் வேண்டும். காபியின் பாதி வீரியம் போகவே சுமார் 5 மணி நேரம் ஆகும். காலை 9 மணிக்குப் படுக்கப் போகிறவர் விடிகாலை 4 மணிக்கு மேல் காபி குடித்தால் அது கூடவே வந்து படுக்கும்.

வீட்டாருக்கு ஒன்று. பகலில் தூங்குகிறவரை "ஒரு நிமிஷம்" என்று எழுப்பாதீர்கள். செம்பூரில் ஒரு வீட்டில் அம்மா கதவில் ஓர் அட்டையைத் தொங்கவிட்டிருந்தார்: "ராத்திரி நடக்கிறது." அந்த வீட்டில் காலிங் பெல்லைக்கூட நிறுத்தி வைத்தார்கள்.

ரெண்டு கேஸுக்கு நடுவுல 20 நிமிஷம் கண்ணை மூடலாமா? ஜூனியர்ங்க பார்த்தா என்ன நினைப்பாங்க?

தாராளமாக மூடலாம். விமானிகளை வைத்து நாசா செய்த ஆய்வில், சராசரி 26 நிமிடத் தூக்கமே விழிப்பைத் தெளிவாகக் கூட்டியது. 20 நிமிடத்தில் அலாரம் வையுங்கள். அதைத் தாண்டி ஆழ்ந்த தூக்கத்துக்குள் போய் எழுந்தால் தலை பாரமாக இருக்கும். எழுந்ததும் உடனே கத்தியைத் தொடாமல் முகம் கழுவி, கால் மணி நேரம் விட்டுப் போங்கள். ஜூனியர்கள் என்ன நினைப்பார்கள் என்றால், நாமும் தூங்கலாம் போலிருக்கிறது என்று நினைப்பார்கள். நல்லதுதானே.

தூக்க மாத்திரை நாமளே எழுதிக்கலாமா? டோஸ் தெரியும்தானே?

டோஸ் தெரியும். ஆனால் எப்போது நிறுத்துவது என்பதைத் தூங்காத தலையால் முடிவு செய்ய முடியாது. அல்ப்ரசோலம், குளோனசெபம், சோல்பிடெம் எல்லாமே சில வாரங்களில் பழக்கமாகிவிடக் கூடியவை. அதுவும் ஆன்-காலில் இருக்கும்போது போட்டுக்கொண்டு நடுராத்திரி எமர்ஜென்சிக்கு எழுந்து போவது நோயாளிக்கும் ஆபத்து. இரண்டு பெக் குடித்தால் தூக்கம் வருகிறது என்பார்கள். வரும், ஆனால் பின்னிரவுத் தூக்கத்தை உடைத்துவிடும். மாத்திரை தேவைப்படும் கட்டம் உண்டு, நானே எழுதிக் கொடுத்திருக்கிறேன். எழுதுகிறவரும் விழுங்குகிறவரும் ஒரே ஆளாக இருக்கக்கூடாது.

என் வீட்டுக்காரர் தூக்கத்துல "மாப் கவுன்ட் சரியா?"ன்னு கேட்கிறார். பயமா இருக்கு டாக்டரம்மா. இது மனநோயா?

வயிற்றைத் தைத்து மூடும் முன், உள்ளே வைத்த துணிகளையெல்லாம் சிஸ்டர் எண்ணிச் சொல்வார். அந்தத் துணிதான் மாப். ஒன்று குறைந்தாலும் மூடக்கூடாது. உங்கள் கணவர் தூக்கத்திலும் அந்தப் பொறுப்பில்தான் இருக்கிறார் அம்மா. கடுமையான வாரங்களில் வேலை கனவில் வருவது இயல்பு. சிலருக்கு சக்‌ஷன் மெஷின் சத்தம் கேட்கும், சிலருக்கு மானிட்டர் பீப்.

கவலைப்பட வேண்டியது எப்போது? ஒரு மாதத்துக்கு மேல் அதே கனவு வந்து வியர்த்து எழுந்தால், சின்னச் சத்தத்துக்கும் தூக்கிவாரிப் போட்டால், குறிப்பிட்ட வார்டுப் பக்கமே போகாமல் சுற்றிப் போனால், முன்பு பேசியதையெல்லாம் பேசாமல் ஒதுங்கினால். அப்போது சிகிச்சை வேண்டும், சிகிச்சையும் இருக்கிறது. கனவைப் பகலில் எழுதி, முடிவை மாற்றி எழுதி, அதைத் தினமும் மனசில் ஓட்டிப் பழகுவது அதில் ஒன்று. எண்ணிக்கை சரியாக வந்ததாக முடித்து எழுதினார் ஒருவர். மூன்று வாரத்தில் கனவு வருவது குறைந்தது.

பர்ன்-அவுட்டா, டிப்ரஷனா? எப்படிக் கண்டுபிடிக்கிறது?

பர்ன்-அவுட் வேலையோடு ஒட்டியது. உலக சுகாதார நிறுவனம் 2019இல் அதை நோயாகக் கொள்ளாமல், வேலையிடத்தால் வரும் நிலை என்று வகைப்படுத்தியது. சக்தி வற்றிப்போவது, நோயாளி வெறும் பெட் நம்பராகத் தெரிவது, என்ன செய்தும் பயனில்லை என்று தோன்றுவது. லீவில் ஊருக்குப் போனால் கொஞ்சம் தெளியும். டிப்ரஷன் ஊருக்கும் கூடவே வரும். குழந்தை சிரித்தாலும் உள்ளே எதுவும் அசையாது. இரண்டும் ஒன்றாகவும் வரலாம். 2020இன் தொடக்கத்தில் சீனாவில் 34 மருத்துவமனைகளில் 1,257 பணியாளர்களிடம் நடத்திய ஆய்வில் பாதிப் பேருக்கு மனச்சோர்வின் அறிகுறிகளும், 34 சதவீதம் பேருக்குத் தூக்கமின்மையும் இருந்தன. உங்களுக்கு வந்திருந்தால் நீங்கள் விதிவிலக்கு இல்லை.

வேலையை விட்டுட்டு ஊருக்கே வந்துடுன்னு சொன்னா எம்பையன் கேக்க மாட்டேங்கான். நீங்க எடுத்துச் சொல்லக் கூடாதா?

தாராவியில் முதல் நோயாளி கண்டறியப்பட்டது 2020 ஏப்ரல் 1 அன்று. அந்த வாரத்திலிருந்தே அம்மாக்களின் போன் வர ஆரம்பித்துவிட்டது. அவர்கள் பயம் வெறும் பயம் இல்லை. சென்னையில் ஏப்ரல் 19 அன்று கோவிடால் இறந்த நரம்பியல் சர்ஜன் சைமன் ஹெர்குலிஸின் உடலைப் புதைக்க விடாமல் ஒரு கூட்டம் கல்லெறிந்தது. உடன் வேலை செய்த மருத்துவர் ஒருவரே மண்வெட்டி பிடித்துக் குழியை மூடினார். அடுத்த மூன்றாம் நாள், மருத்துவப் பணியாளர்களைத் தாக்குவது ஜாமீன் இல்லாத குற்றம் என்று மத்திய அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. ஆனால் அந்தக் கல்லெறி நடந்த இரவு எத்தனை தமிழ் மருத்துவர்கள் தூங்கியிருப்பார்கள்? என்னிடமே நான்கு பேர் பேசினார்கள், யாருக்கும் குரல் சரியாக எழும்பவில்லை.

அம்மாக்களிடம் நான் சொல்வது இதுதான்: "வந்துடு" என்ற வார்த்தை பையனுக்கு இன்னொரு குற்ற உணர்வாகத்தான் போய்ச் சேரும். அதற்குப் பதில் சாப்பிட்டானா, எத்தனை மணி நேரம் தூங்கினான் என்று கேளுங்கள். தூங்கிய கணக்கைத் தினமும் ஒருவருக்குச் சொல்ல வேண்டியிருந்தால் அவனும் கவனிக்க ஆரம்பிப்பான். 5 மணி நேரக் கேள்வியில் சொன்ன அளவுகோலாக நீங்களே இருக்கலாம்.

நான் தள்ளி வச்ச கேஸ் ஆறு மாசம் கழிச்சு வந்தப்போ ஆபரேஷனே பண்ண முடியாத ஸ்டேஜ். இதை எப்படி மறக்கிறது?

மறக்கச் சொல்ல மாட்டேன். இது நோய் இல்லை, மனசாட்சியில் பட்ட காயம். சரியென்று தெரிந்ததைச் செய்ய விடாத சூழ்நிலையில் நல்லவர்களுக்கு வருவது. அன்று கையில் இருந்த தகவலையும் நினைத்துப் பாருங்கள். ஆபரேஷனை ஒட்டிக் கோவிட் தொற்றியவர்களில் 30 நாளுக்குள் கிட்டத்தட்ட நாலில் ஒருவர் இறந்ததாக 2020 மே மாதம் ஓர் ஆய்வு சொன்னது. அதே சமயம் பரேலில் டாடா மெமோரியல் மருத்துவமனை மார்ச் 23 முதல் ஏப்ரல் 30 வரை 494 புற்றுநோய் ஆபரேஷன்களை ஓர் உயிரிழப்பும் இல்லாமல் செய்து காட்டியது. "அவர்களால் முடிந்ததே" என்று இதைச் சொல்லித் தன்னையே அடித்துக்கொண்டவர்கள் உண்டு. அதற்கென்றே ஆளும் இடமும் ஒதுக்க முடிந்த மருத்துவமனை அது. முழுக்கக் கோவிடுக்கு மாற்றப்பட்ட மருத்துவமனையில் தனி ஒரு சர்ஜனால் அதைச் செய்திருக்க முடியாது.

2021இல் கருப்புப் பூஞ்சை வந்தபோது இந்தக் காயம் இன்னும் ஆழமானது. கோவிடிலிருந்து பிழைத்து வந்தவரின் மேல்தாடையை எடுக்க வேண்டும், சில பேருக்குக் கண்ணையே எடுக்க வேண்டும். மூளைக்கு ஏறிவிடும் என்பதால் காத்திருக்கவும் முடியாது. அதற்கான மருந்தான ஆம்போடெரிசின் ஊசிக்கும் தட்டுப்பாடு. "மேடம், அவர் என்னிடம் கும்பிட்டு நன்றி சொன்னார். நான் அவர் கண்ணை எடுத்தவன்" என்றார் ஓர் இளம் காது-மூக்கு-தொண்டை சர்ஜன். அன்று நான் பதில் எதுவும் சொல்லவில்லை, அவர் அழுது முடிக்கும்வரை போனைப் பிடித்துக்கொண்டிருந்தேன். இதே கேஸ்களைச் செய்த இன்னொரு சர்ஜனோடு உட்கார்ந்து பேசுவது என்னோடு பேசுவதைவிடப் பலன் தரும். அந்த இருவரைச் சேர்த்து வைப்பதை என் சிகிச்சையின் பாதியாகவே வைத்திருக்கிறேன்.

சைக்கியாட்ரிஸ்ட்டைப் பார்த்தது வெளியே தெரிஞ்சா ரெஜிஸ்ட்ரேஷன் போயிடுமா?

போகாது. சிகிச்சை எடுப்பது மருத்துவக் கவுன்சிலுக்குத் தெரிவிக்க வேண்டிய விஷயமே இல்லை. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் 2018 மே 29 முதல் நடைமுறையில் இருக்கிறது. ரகசியம் காக்கப்படுவது உங்கள் உரிமை என்று அதன் 23ஆம் பிரிவு சொல்கிறது. உங்கள் மருத்துவமனையிலேயே பார்க்கக் கூச்சமாக இருந்தால் வேறு இடத்தில் பாருங்கள்.

சீஃப் 30 மணி நேரமா முழிச்சிருக்கார், கை லேசா நடுங்குது. நான் செகண்ட் இயர் ரெசிடென்ட். எப்படிச் சொல்றது?

எனக்கு வந்ததிலேயே கஷ்டமான கேள்வி இது. ரெசிடென்ட்களின் தொடர் பணி நாளுக்கு 12 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரத்தைத் தாண்டக்கூடாது என்று மத்திய அரசின் ரெசிடென்சி விதி 1992லேயே சொல்லியிருக்கிறது. நடப்பது என்ன என்று எல்லோருக்கும் தெரியும். சீஃபுக்கோ அந்தக் காகித வரம்புகூட இல்லை.

"சார், நீங்க களைச்சிருக்கீங்க" என்று நேராகச் சொன்னால் "நான் நல்லாத்தான் இருக்கேன்" என்பார். பொய் சொல்லவில்லை, அவருக்குத் தெரியாது (5 மணி நேரக் கேள்வியைப் பாருங்கள்). அதனால் எண்ணாகச் சொல்லுங்கள்: "சார், நேற்றுக் காலை 6 மணிக்கு வந்தீங்க. இந்தக் கேஸ் 2 மணி நேரம் தாங்கும்னா கொஞ்சம் படுத்து எழுந்து செய்யலாமா?" உடனே செய்தாக வேண்டிய கேஸ் என்றால், "இன்னொரு சீனியரைக் கூப்பிடட்டுமா?" நீங்கள் சொல்ல முடியாவிட்டால் அனஸ்தீசியா டாக்டர் சொல்லலாம், சிஸ்டர் சொல்லலாம். கத்தி வைக்கும் முன் எல்லோரும் நின்று பெயரும் பொறுப்பும் சொல்லும் பாதுகாப்புப் பட்டியலை உலக சுகாதார நிறுவனம் 2008இல் கொண்டுவந்தது. "யார் எத்தனை மணி நேரமாக விழித்திருக்கிறோம்" என்ற வரியையும் அதில் சேருங்கள் என்று நான் போகிற இடமெல்லாம் கேட்கிறேன். எல்லோரும் சொல்லும்போது யாருக்கும் அவமானம் இல்லை.

கோவிட் முடிஞ்சு இத்தனை வருஷம் ஆச்சு, இன்னும் ராத்திரி 3 மணிக்கு டாண்ணு முழிப்பு வருது. ஏன்?

வாரத்துக்கு மூன்று இரவாவது, மூன்று மாதத்துக்கு மேல் இப்படி இருந்தால் அது நாட்பட்ட தூக்கமின்மை. ஆரம்பித்து வைத்தது கோவிட். ஓட்டிக்கொண்டிருப்பது அப்புறம் வந்த பழக்கங்கள்: சீக்கிரமே போய்ப் படுப்பது, விழித்ததும் மணி பார்ப்பது, படுக்கையிலேயே வாட்ஸ்அப் குரூப்பைத் திறப்பது. இதற்கு மாத்திரைக்கு முன்னால் தர வேண்டியது தூக்கத்துக்கான அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை. படுக்கையில் கிடக்கும் நேரத்தை உண்மையில் தூங்கும் நேரத்துக்கு ஏற்பக் குறைத்து, மெல்ல மெல்லக் கூட்டுவது அதன் மையம். முதல் இரண்டு வாரம் பகலில் சொக்கும் என்பதால் சர்ஜன்களுக்கு ஆபரேஷன் லிஸ்ட் குறைவான வாரத்தில்தான் தொடங்குவேன். முழித்து 20 நிமிடம் ஆனதாகத் தோன்றினால் எழுந்து ஹாலில் போய் உட்காருங்கள், விளக்கை மங்கலாக வைத்து. தூக்கம் சொக்கினால் திரும்பி வாருங்கள். கடிகாரத்தைச் சுவரைப் பார்க்கத் திருப்பி வையுங்கள்.

கூட வேலை பார்க்கிறவர் "நான் இல்லாட்டி எல்லாருக்கும் நிம்மதி"ன்னு சொன்னார். சும்மா சொன்னதா இருக்குமோ?

சும்மா என்று விடாதீர்கள். இன்றே தனியாகக் கூப்பிட்டு, "சாகணும்னு தோணுதா?" என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. கேட்டதும் பெருமூச்சு விட்டு உட்கார்ந்தவர்களைத்தான் நான் பார்த்திருக்கிறேன். ஆமாம் என்றால் தனியே விடாதீர்கள். மருந்துகள் கையெட்டும் தூரத்தில் இருக்கிற வேலை நம்முடையது, அதனால் அன்றைய டியூட்டியிலிருந்து அவரை எடுத்துவிட வேண்டும். லிஸ்ட்டை யார் பார்ப்பது என்பதை அப்புறம் பேசிக்கொள்ளலாம்.

தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும் என்று அதே 2017 சட்டத்தின் 115ஆம் பிரிவு சொல்கிறது, அதனால் போலீஸ் கேஸாகிவிடுமோ என்று பயந்து மறைக்காதீர்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி-மானஸ் 14416, இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள், தமிழிலும் பேசலாம். அவர் சார்பில் நீங்களே கூப்பிடலாம். அப்புறம் அவரோடு டாக்ஸியில் ஏறி வீடு வரை போங்கள். கதவைத் திறக்கிறவரிடம் நடந்ததைச் சொல்லிவிட்டு வாருங்கள்.